சங்கம் நடத்திய கேரவன் பயணம்

பொம்மனஹள்ளியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் தங்கவயல் வழித்தோன்றல்கள் நலச் சங்கம் இருக்கிறது. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு பிழைப்புத் தேடி பெங்களூர் வந்த குடும்பங்களுக்காக ஏற்பட்டது. சங்கத்தில் உறுப்பினர்களைவிடப் பதவிகள் சற்று அதிகம். அதனால் யாருக்கும் கஷ்டமில்லை. இரண்டு பதவி வைத்திருப்பவர் கூட்டத்துக்கு வந்தால் இரண்டு கையெழுத்துப் போடுவார். கூட்டம் செல்லத் தேவையான கோரம் சேர்வது அப்படித்தான்.

சங்கத்துக்குச் சொத்து என்று சொன்னால் ஒரு ஸ்ட்ரெச்சர். இரண்டு மரக் கழிகள், நடுவில் காக்கிக் கித்தான் துணி. ஒரு காலத்தில் சுரங்கத்து மீட்புப் படை அதில் எத்தனையோ பேரைப் பாறைக்கடியிலிருந்து வெளிச்சத்துக்குத் தூக்கிவந்தது. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் ஓய்வாக இருக்கிறது. ஆண்டுவிழாவில் அதற்கு மாலை போட்டு, அதைப் பற்றி நாலு பேர் பேசுவார்கள்.

அந்த ஸ்ட்ரெச்சரை அரை மணி நேரம் இரவல் கேட்கலாம் என்றுதான் அப்பாதுரை மாடிப்படி ஏறினார். அவர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். யாரிடமும் அதிகம் பேசாதவர். சங்கத்துக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் கைதட்டும்போது தானும் தட்டுவார்.

விஷயம் இதுதான். அப்பாதுரையின் மனைவி காந்தா ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து முதுகெலும்பில் அடி. கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய அக்கா தனலக்ஷ்மி தூத்துக்குடியில் இருக்கிறாள். சுரங்கம் மூடியபோது அவள் புருஷனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை கிடைத்தது.

அக்காவும் தங்கையும் கல்யாணமான காலத்திலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மனஸ்தாபமெல்லாம் இல்லை, வெறும் சண்டை. தினமும் சாயங்காலம் போனில் கூப்பிட்டு, முருங்கைக்காயை எப்படி நறுக்க வேண்டும் என்பதிலிருந்து, தங்கவயலில் சாம்பியன் ரீஃப் பள்ளிக்கூடத்தில் யார் முதல் பெஞ்சில் உட்கார்ந்தது என்பதுவரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். சண்டை இல்லாத நாளில் இரண்டு வீட்டிலும் என்னமோ ஏதோ என்று கவலைப்படுவார்கள்.

அந்தத் தனலக்ஷ்மிக்குத் தொண்டையில் புற்றுநோய். திங்கட்கிழமை ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உயிர் இருக்கும், பேச்சு இருக்காது. இப்போதே குரல் போய்க் காற்று மாதிரிதான் வருகிறது. போனில் எதுவும் கேட்பதில்லை. அதனால் அவள் தங்கைக்கு வாட்ஸாப்பில் எழுதினாள்: ‘போன்ல திட்னா காத்துதான் போவுது. நேர்ல வா. கடைசியா ஒரு தடவ ஒழுங்கா சண்ட போட்டுக்கலாம்.’

காந்தா போயே ஆக வேண்டும் என்றாள். கோடை விடுமுறை; ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்கவில்லை. பஸ் குலுக்கும் என்று டாக்டர் தடுத்தார். ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாதுரை சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள்.

“ஆம்புலன்ஸ்ல போனா ரோட்ல போறவன்லாம் எனுக்காகக் கன்னத்துல போட்டுக்குவான். நான் சண்டைக்குப் போறேன். சாவுக்குப் போவல.”

அவர்களுடைய மகள் சங்கமித்ரா போனைத் தேய்த்துத் தேய்த்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பிரேசர் டவுனில் ஒருவர் கேரவன் வாடகைக்கு விடுகிறார். உள்ளே படுக்கை உண்டு, கழிப்பறை உண்டு, கஞ்சி காய்ச்ச அடுப்பு உண்டு, டிரைவரும் அவர்களே. சனிக்கிழமை காலையில் கிளம்பினால் வழியில் தங்கி, ஞாயிறு காலை தூத்துக்குடி. எல்லாம் பேசி முடித்தாயிற்று. மூன்றாவது மாடியிலிருந்து காந்தாவைக் கீழே இறக்குவதுதான் பாக்கி. லிஃப்ட் இல்லாத கட்டடம்.

இங்கே தங்கவயல்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் பொறித்த ஓர் உலோக வில்லையை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பான். ஒரு வில்லை திரும்பவில்லை என்றால் ஊரே வீட்டுக்குப் போகாமல் நிற்கும். அதனால் அந்த ஜனங்களுக்குச் சொல்லிக்கொள்ளாமல் எங்கும் போகத் தெரியாது. சுரங்கம் மூடிவிட்டது, சொல்லிக்கொள்வது நிற்கவில்லை. யாரிடம் சொல்வது என்ற கேள்வி வந்தபோது சங்கம் ஆரம்பித்தார்கள்.

எனவே அப்பாதுரை ஸ்ட்ரெச்சரைக் கேட்டதோடு நிற்காமல், அது எதற்கு, எங்கே போகிறோம், எதில் போகிறோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அதுதான் அவர் செய்த தவறு.

தலைவர் அசோகன் கேட்டுக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருப்பவர். கெட்டவர் அல்ல. யாராவது செத்தால் முதலில் வந்து கடைசியில் போவார், நடுவில் பேசுவார். அவருக்குச் ‘செயல் சூறாவளி’ என்று பட்டம் உண்டு. சங்கம்தான் கொடுத்தது. முன்மொழிந்தவர் அவரே. அடக்கம் காரணமாக வழிமொழிய மட்டும் மறுத்துவிட்டார்.

“கேரவனா?” என்றார் தலைவர். பிறகு செயலாளர் ரவிக்குமாரைப் பார்த்து, நமது சங்கம் இதுவரை கேரவன் பயணம் நடத்தியிருக்கிறதா என்று கேட்டார். ரவிக்குமார் கோப்பைப் புரட்டி, இல்லை என்றார். தலைவரின் முகத்தில் ஒரு வேதனை வந்தது. இத்தனை பெரிய குறையோடு ஒரு சங்கம் இத்தனை காலம் நடந்திருக்கிறதே என்ற வேதனை.

ஸ்ட்ரெச்சர் தருகிறீர்களா என்று அப்பாதுரை மறுபடி கேட்டார். அது செயற்குழு முடிவு செய்ய வேண்டியது, கவலைப்படாமல் வீட்டுக்குப் போங்கள், இனி இது உங்கள் பயணம் இல்லை என்று தலைவர் அன்போடு சொல்லி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை திட்டமிடல் கூட்டம். மேடையில் பதினோரு பேர், கீழே அப்பாதுரையையும் சேர்த்து ஆறு பேர். சங்கத்தில் பொன்னாடை ஒன்றுதான். அதைத் தலைமை தாங்குகிறவருக்குப் போர்த்தி, போட்டோ எடுத்து, கழற்றி, முன்னிலை வகிக்கிறவருக்குப் போர்த்தி, இப்படியே பதினோரு தோள்களும் சுற்றி வந்தது. அது முடிந்தபோது மின்சாரம் போனது. மின்சாரம் வந்தபோது தலைவர் பேசிக்கொண்டிருந்தார். எப்போது ஆரம்பித்தார் என்று தெரியவில்லை.

“ஒரு பெண்மணி தன் தமக்கையைக் காணப் போகிறார். இது தனிப்பட்ட விஷயம். தனிப்பட்ட விஷயத்தால் சங்கத்துக்கு என்ன பெருமை? எனவே இதைப் பொது விஷயமாக ஆக்குவது நமது கடமை. துன்பம் ஒருவருடையதாக இருக்கலாம். ஏற்பாடு எல்லோருடையதாகவும் இருக்க வேண்டும்.”

கைதட்டினார்கள். அப்பாதுரையும் பழக்கதோஷத்தில் தட்டினார்.

பிறகு வழித்தடக் குழு அறிக்கை வாசித்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை என்று வழியெங்கும் தங்கவயலிலிருந்து போனவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஊரிலும் தலைவருக்கு வரவேற்பு. சேலத்தில் மட்டும் இரண்டு கோஷ்டி என்பதால் இரண்டு வரவேற்பு. பயணம் தூத்துக்குடி போய்ச் சேருவது செவ்வாய்க்கிழமை மாலை.

அப்பாதுரை எழுந்து நின்றார். அவர் கூட்டத்தில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை காலையிலேயே ஆபரேஷன், செவ்வாய்க்கிழமை போனால் பேச முடியாது என்றார். வழித்தடக் குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆபரேஷனைப் புதன்கிழமைக்குத் தள்ளிவைக்கும்படி மருத்துவமனைக்குச் சங்கத்தின் சார்பில் வேண்டுகோள் அனுப்புவதென்று தீர்மானம் நிறைவேறியது. ஒருமனதாக.

வியாழக்கிழமை இட ஒதுக்கீட்டுக் கூட்டம். கேரவனில் படுக்கை ஒன்று, உட்கார நாலு இடம். தலைவர், செயலாளர், பொருளாளர், மகளிர் அணி, கலை இலக்கிய அணி என்று பெயர்கள் வாசிக்கப்பட்டன. தலைவருக்கு முழங்கால் வலி உண்டென்பதால் படுக்கை அவருக்கு. காந்தாவின் பெயர் பட்டியலில் ‘பயனாளி’ என்று தனித் தலைப்பின்கீழ் இருந்தது. எதிரே இடம் காலியாக இருந்தது.

“காந்தா எங்க படுக்கறது?” என்று அப்பாதுரை கேட்டார்.

தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “அப்பாதுரை, எந்தத் திட்டத்துக்கும் பயனாளி தேவை, ஒத்துக்கிறேன். ஆனா தொடக்க விழா வரைக்கும்தான் தேவை. போட்டோவுல அவங்க இருப்பாங்க. அதுக்கப்புறம் திட்டம் தானா நடக்கும். நாம இதுவரைக்கும் நடத்தின எந்தத் திட்டத்துல கடைசி வரைக்கும் பயனாளி இருந்தாங்க, சொல்லுங்க.”

அப்பாதுரை யோசித்துப் பார்த்தார். தலைவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. சுரங்கத்து வழக்கப்படி, நோயாளியைத் தூக்குமுன் வெறும் ஆளைத் தூக்கிப் பழக வேண்டும். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஸ்ட்ரெச்சருக்குச் சூடம் காட்டி வெளியே எடுத்தார்கள். பழகுவதற்கு யார் படுப்பது என்ற கேள்வி எழுந்தது. மற்றவர்கள் படுத்தால் மரபுக்குச் சரிவராது என்று தலைவரே முன்வந்தார். நாலு பேர் தூக்கினார்கள். போட்டோக்காரர் வந்திருந்தார். தலைவர் படுத்த நிலையிலேயே உரையாற்றினார்.

“இதில் படுத்தபோதுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கியது. கீழே கிடப்பவனுக்குத் தூக்குகிறவர்களின் முகம் மட்டும்தான் தெரிகிறது. ஆகவே தூக்குகிறவர்கள் சிரித்த முகமாக இருங்கள். போட்டோவுக்கும் அதுதான்...”

கித்தான் கிழிந்தது. எத்தனையோ பேரை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்த அந்த ஸ்ட்ரெச்சர், தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரை மேலிருந்து கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது. தலைவருக்குக் காயம் இல்லை. ஸ்ட்ரெச்சர் பிழைக்கவில்லை.

இரங்கல் தீர்மானம் அங்கேயே நிறைவேற்றப்பட்டது. இரண்டு நிமிடம் மௌனம். அந்த வாரத்தில் சங்கம் மௌனமாக இருந்தது அப்போது மட்டும்தான். அடுத்து அப்பாதுரைக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது. நினைவுச் சின்னமாக இருந்த ஸ்ட்ரெச்சரை, நோயாளியைத் தூக்குவதற்காகக் கேட்டதன் மூலம் அதன் அழிவுக்குக் காரணமானது ஏன் என்று அதில் கேட்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாதுரை நடந்ததையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சங்கமித்ரா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, நைனா, இவங்களுக்கு நீ இன்னா பண்ண, எதுக்கு இப்படி நடுங்கற என்று சத்தம் போட்டாள். கீழ் வீட்டு அன்னா அப்போதுதான் காந்தாவுக்கு ரசம் கொண்டுவந்திருந்தாள். அவளும் கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினாள். ஸ்ட்ரெச்சர் இல்லாமல் எப்படி இறக்குவது என்று எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காந்தா படுத்தபடியே விரல் முட்டியால் தன் கட்டிலைத் தட்டினாள். டொக் டொக் என்று கேட்டது.

“இது இன்னா?”

டாக்டர் மெத்தை கூடாது என்று சொன்னதால் கட்டிலில் போட்ட பிளைவுட் பலகை அது. மேலே ஒரு போர்வை. அவள் எட்டு மாதமாக ஸ்ட்ரெச்சரில்தான் படுத்திருந்தாள். பேக்கரி மாடிக்கு ஓடிய அவசரத்தில் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அன்னா தன் புருஷன் வின்சென்ட்டை அனுப்புவதாகச் சொன்னாள். பழைய புடவை நாலு போதும், கட்டி இறக்கிவிடலாம் என்றாள். அப்பாதுரை மட்டும் இன்னும் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டி பேசினது யாரு?” என்று காந்தா கேட்டாள்.

“நானு.”

“முதுகு போனது யாருக்கு?”

“உனுக்கு.”

“தொண்ட போறது யாருக்கு?”

“அக்காவுக்கு.”

“அப்பறம் சங்கத்துக்கு அதுல இன்னாது?”

அப்பாதுரை தயங்கித் தயங்கி, சொல்லிக்கொள்ளாமல் போனால் நன்றாக இருக்காதே என்றார்.

“யாரு சொல்லாம போறது? சொல்லிட்டுதான் போவப் போறேன்” என்றாள் காந்தா.

சனிக்கிழமை காலையில் கேரவன் வந்தது. தெருவில் ஷூட்டிங் என்று செய்தி பரவி, கார்மென்ட்ஸுக்குப் போகிற பெண்கள் டிபன் டப்பாவோடு நின்றுவிட்டார்கள். ஹீரோயின் யாரென்று ஒருத்தி கேட்டாள். மூணாவது மாடியில் இருக்காங்க, மேக்கப் ஆவுது என்று டிரைவர் முனிராஜ் சொன்னார். மாலூர்ப் பக்கத்துக்காரர், மீசைக்குள் சிரிக்கிறவர்.

ஆனால் கேரவனுக்கு முன்பாகவே பந்தல் வந்துவிட்டது. கட்டடத்து வாசலைப் பாதி அடைத்துக்கொண்டு எதிரே மேடை. மேடைக்குப் பின்னால் தொடங்கிய ஃப்ளெக்ஸ் கேரவனின் ஜன்னல்களை மூடிக்கொண்டு பின்பக்கம் வரை போயிற்று. ஃப்ளெக்ஸில் தலைவர் கடலளவு இருந்தார். கேரவன் அவர் சட்டைப் பைக்குப் பக்கத்தில் இருந்தது. மொழிக் குழு அதற்கு ‘நடமாடும் உறங்கூர்தி’ என்று பெயர் வைத்திருந்தது. காந்தாவின் படம் கிடைக்காததால் அவள் இடத்தில் தனலக்ஷ்மியின் படம் என்று நினைத்து மகளிர் அணித் தலைவியின் படத்தைப் போட்டிருந்தார்கள்.

ஏழு மணிக்குக் கொடியசைப்பு என்று அழைப்பிதழில் இருந்தது. ஏழரைக்குக் குத்துவிளக்கு. எட்டுக்கு வரவேற்புரை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முனிராஜ் இரண்டு தடவை மேடைக்குக் கிட்டே போய், ஓசூர் தாண்டுவதற்குள் டிராஃபிக் கட்டிக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தார். உட்காருங்கள், உங்களுக்கும் பொன்னாடை உண்டு என்று பதில் வந்தது.

பத்தே கால் மணிக்குத் தலைவர் ஒலிபெருக்கிக்கு முன் வந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் அது நீண்ட உரை என்று எல்லோருக்கும் தெரியும்.

மாடியில் காந்தாவைப் பலகையோடு சேர்த்துப் புடவைகளால் கட்டியிருந்தார்கள். வின்சென்ட், மேடையை விட்டுவிட்டு மேலே வந்த முனிராஜ், அப்பாதுரை, சங்கமித்ரா என்று நாலு மூலைக்கு நாலு பேர். அன்னா முன்னால் இறங்கி, இடது பக்கம், வலது பக்கம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாடியில் யாரோ செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினார்கள். முதல் மாடியில் ஒரு வட இந்தியப் பையன் குளித்த ஈரத்தோடு ஓடிவந்து அடியில் தோள் கொடுத்தான். காந்தாவை அவன் அதற்குமுன் பார்த்ததுகூட இல்லை. கடவுள் பெரிய மேடைகளுக்கும் வருவார் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் அன்று அவர் மாடிப்படியில்தான் நின்றிருக்க வேண்டும். அங்கேதான் ஆள் தேவைப்பட்டது.

வாசலில் வெளிச்சத்துக்கு வந்தபோது எதிரே மேடை. ஹீரோயினைப் பார்க்காமல் போவதில்லை என்று நின்றிருந்த டிபன் டப்பாப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். ஒருத்தி தன் துப்பட்டாவை எடுத்துக் காந்தாவின் முகத்தில் வெயில் படாமல் பிடித்தாள். ரவிக்குமார் கோப்பும் கையுமாக ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“அக்கா, பயனாளிய மேடைக்குக் கூப்பிடறது பன்னெண்டாவது அயிட்டம். இன்னும் கொடியே அசைக்கல.”

“கொடி அசைச்சாதான் வண்டி ஓடும்னா நாங்க டீசல் எதுக்கு சார் போடறது? பேடா, வேணாம் சார், வழி விடுங்க” என்றார் முனிராஜ்.

அந்த நேரத்தில் சங்கமித்ராவின் கை வழுக்கியது. பலகை ஒரு மூலையில் சாய்ந்தது. காந்தா பல்லைக் கடித்துக்கொண்டாள். என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் ரவிக்குமார் கோப்பைக் கீழே போட்டுவிட்டு அந்த மூலையைப் பிடித்திருந்தார். தீர்மானங்கள் தெருவில் பறந்தன. பிடித்துவிட்ட பிறகு விடுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை. சங்கத்தில் சேர்ந்ததிலிருந்து அவர் தூக்கிய முதல் ஆள் காந்தாதான்.

சத்தம் கேட்டுத் தலைவர் கண்ணைத் திறந்தார். எதிரே பலகையில் பயனாளி மிதந்து போவதைப் பார்த்துத் திடுக்கிட்டு, இது நிகழ்ச்சி நிரலில் இல்லையே என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார். அப்பாதுரைக்குக் கால் தயங்கியது. கைதட்டியே பழகிய கைகள். இப்போது இரண்டும் பலகையைப் பிடித்திருந்தன. அதுவும் நல்லதாயிற்று. அவர் தலையை மட்டும் நிமிர்த்தினார்.

“தலைவரே, நீங்க விளக்கம் கேட்டிருந்தீங்க” என்றார். “நோயாளியத் தூக்கறதுக்குத்தான் கேட்டேன். வேற விளக்கம் இல்ல.”

காந்தா படுத்த வாக்கில் மேடையைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினாள்.

“அண்ணே, நீங்க பேசுங்க. நாங்க போய்ட்டு வரோம்.”

சொல்லிக்கொண்டாயிற்று. கேரவன் கதவு திறந்து, மூடியது. முனிராஜ் வண்டியை எடுத்தார். ஃப்ளெக்ஸை வண்டியின் பின்பக்கக் கொக்கியிலும் மேடைக் கம்பத்திலும் சேர்த்துக் கட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேடை கொஞ்சம் முனகியது, கயிறு அறுந்தது. தலைவரின் பிரம்மாண்டமான முகம் ஓசூர் ரோட்டில் காற்றில் படபடத்துக்கொண்டே கேரவனின் பின்னால் போயிற்று. கொடி அசைக்கவில்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. தலைவர் மேடையில் தொடர்ந்து பேசினார். நன்றியுரை சொல்ல வேண்டிய ரவிக்குமார் மட்டும் தெருவில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்ததாக அன்னா பிற்பாடு சொன்னாள்.

கிருஷ்ணகிரி தாண்டும் முன் ஓர் இளநீர்க் கடையில் நிறுத்தினார்கள். கடைக்காரம்மா வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனிராஜ் ஃப்ளெக்ஸை அவிழ்த்து, நாலு கம்பு நட்டு, அவளுக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார். தலைவரால் ஒருவருக்கு நிழல் கிடைத்தது.

கிருஷ்ணகிரி பைபாஸில் வரவேற்புக் குழு நின்றிருந்தது. குழு என்றால் ஒரே ஒருவர். தங்கவயல் மாரிக்குப்பத்திலிருந்து போன பெரியவர், கையில் மாலை, காலடியில் ஒரு தூக்குவாளி. தலைவர் வரவில்லை, பேசிக்கொண்டிருக்கிறார் என்று அப்பாதுரை சொன்னதும், அவர் உள்ளே எட்டிக் காந்தாவைப் பார்த்தார். “மாலை அவருக்குத்தாம்மா. சோறு உனுக்குன்னு வச்சிக்கோ” என்று தூக்கை நீட்டினார். எலுமிச்சைச் சோறு. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியின் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனார்.

சேலத்தில் இரண்டு கோஷ்டியும் இரண்டு பாலத்தில் நின்றன. முனிராஜ் மூன்றாவது பாலத்தில் போய்விட்டார்.

திண்டுக்கல் அருகே சங்கமித்ராவின் போனுக்குச் சங்கத்து வாட்ஸாப் செய்தி வந்தது. செயல் சூறாவளி அவர்களின் தலைமையில் உறங்கூர்திப் பயணம் வெற்றிகரமாக நிறைவுற்றது, பங்கேற்ற அனைவருக்கும் நன்றி என்று இருந்தது. கூடவே காலியான தெருவின் படம். அவள் வாசித்துக் காட்டினாள். நிறைவுற்ற பயணத்தில் அவர்கள் இன்னும் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூத்துக்குடி மருத்துவமனை வாசலில் கேரவன் நின்றது. ஆயாம்மா ஒருத்தி தானே ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். யாருக்கு, எதற்கு, எழுதிக் கொடுத்தீர்களா என்று எதுவும் கேட்கவில்லை. முதுகா, பாத்துப் புடிங்க என்றாள். அவ்வளவுதான்.

தனலக்ஷ்மி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். மெலிந்திருந்தாள். கழுத்தில் எங்கே வெட்டுவது என்று மையால் கோடு போட்டிருந்தார்கள். மிச்சமிருக்கும் குரலைத் தங்கைக்காகச் சேர்த்துவைக்கிறேன் என்று சில நாளாக யாரிடமும் பேசாமல் கையைக் காட்டியே காலம் தள்ளியிருக்கிறாள். தள்ளுவண்டியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார்கள். அக்கா ஒருக்களித்துப் படுத்துத் தங்கையின் காதில் வாயை வைத்தாள். இலை உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“கறுத்துட்ட.”

“நீ செவத்துட்டியாக்கும்” என்றாள் காந்தா.

“சினிமா வண்டில வந்தியாமே. நடிக்கிறியா?”

“ஆமா. உனுக்கு மாமியா வேஷம் வச்சிருக்காங்க.”

சண்டை சூடு பிடித்தது. முருங்கைக்காய் வந்து போனது. காந்தாவின் புகுந்த வீடு வந்தது. தனலக்ஷ்மியின் மருமகன் வந்தான். அப்பாதுரை சுவரோரம் நின்று, ஒன்றும் புரியாமல், ஆனால் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தனலக்ஷ்மி மூச்சை இழுத்துக்கொண்டு அம்மாவின் தோட்டுக்கு வந்தாள்.

“அம்மா தோடு எனக்குதான் குடுத்தா. நீ இல்லன்ன.”

காந்தா பதிலுக்கு வாயைத் திறந்தாள். அப்போது அந்த மைக்கோடு கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, “சரிக்கா. உனுக்குதான் குடுத்தா” என்றாள்.

தனலக்ஷ்மி தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. எட்டிக் காந்தாவின் காதைப் பிடித்துத் திருகினாள்.

“பாவம் பாக்கறியா?” அந்தக் காற்றுக் குரலில் இப்போது பல் இருந்தது. “செத்துருவன்னு முடிவு பண்ணிட்டியா? இதுக்கா உன்ன வரச் சொன்னேன்? பதில் சொல்லுடி.”

காந்தாவின் கண்ணில் நீர் வந்தது. காது வலியால் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். மூன்று வார்டுக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்:

“தோடு எனுக்குதாண்டி குடுத்தா அம்மா. பொட்டியத் தொறந்து எடுத்துக்கினு தூத்துக்குடிக்கு ஓடினவ நீ. ஊரு உலகத்துக்கே தெரியும்.”

நர்ஸ் ஓடிவந்தாள். நோயாளி பேசக் கூடாது, குரலுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது, வந்தவர்கள் வெளியே போங்கள் என்றாள். தனலக்ஷ்மி அவளை ஒரு கையால் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, தலையணையைச் சரிசெய்துகொண்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு, பதில் சொல்லத் தயாரானாள். அவளுக்கு இன்னும் ஒரு பகல் முழுவதும் இருந்தது.